பூச்சி தின்ற இரண்டு வரி

எனக்கு வரவேண்டிய வண்ணக்கர் பதவியை ஒரு பூச்சி தின்றுவிட்டது. இப்போது சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அது நடந்தபோது எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அம்மா பல மாதம் தன் சொந்த அண்ணனோடு பேசவில்லை.

வண்ணக்கர் என்பவர் கோயிலின் பொறுப்பாளர். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊர். அங்கே அம்மன் கோயில் வண்ணக்கருக்குச் சம்பளம் கிடையாது, ஓய்வு கிடையாது, ஏச்சுப்பேச்சு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். ஆனாலும் கோயில் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, அவர் இடுப்பில் தொங்கும். சடங்கு நாளில் முதல் வெற்றிலை அவர் கைக்கு வரும். அந்த ஒரு வெற்றிலைக்காக அண்ணன் தம்பி வெட்டுக்குத்து வரை போன கதைகள் எங்கள் பக்கத்தில் உண்டு. வெற்றிலை எங்கள் வீட்டுக் கொடியிலேயே காய்க்காத குறையாகப் படர்ந்து கிடந்தது என்பது வேறு விஷயம்.

எங்களுக்குக் குடி என்பது தாய்வழி. நான் அம்மாவின் குடி. கோயில் உரிமை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது, தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டோடு போய் இருப்பான். ஆகவே ஒருவன் சோறு தின்பது மனைவியின் குடிக்கு உரிய வீட்டில், உரிமைக்குச் சண்டை பிடிப்பது தாயின் குடிக்காக. இந்த ஏற்பாட்டில் ஒரு குழப்பமும் இல்லை என்று ஊரில் எல்லோரும் அடிக்கடி சொல்வார்கள். குடிகளின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு குடியாரும் இன்னும் அதே கோயிலுக்குத்தான் வருகிறார்கள், நானும் அங்கே போய்வர வேண்டும்.

அப்போதைய வண்ணக்கர் என் அம்மாவின் தாய்மாமன். படுத்த படுக்கையாக இருந்தார். அவருக்குப் பிறகு முறைப்படி என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் அண்ணனுக்குத்தான் பதவி வரவேண்டும். ஆனால் மாமா கோயிலில் ஏடு படிப்பவர். ஏடு படிப்பவர் கையில் திறப்பு இருக்கக்கூடாது என்பது எங்கள் கோயில் வழக்கம். இரண்டும் ஒருவரிடம் இருந்தால் அவர் அம்மனிடமே கணக்குக் கேட்கத் தொடங்கிவிடுவார் என்று முன்னோர் பயந்திருக்கலாம். ஆகவே அடுத்த ஆள் நான். அம்மா நான் தவழ்ந்த காலத்திலிருந்து இதற்காகக் காத்திருந்தாள்.

மாமாவின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயில் முன்றலில் அவர் குரலெடுத்தால் வாவிக்கரையில் வலை உலர்த்துகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அது அவருக்கும் தெரியும். சடங்குக் காலத்தில் கோயிற்பாட்டு ஏட்டை அவர்தான் விரிப்பார். கோயில் உண்டான கதை, எந்தக் குடி எந்தத் தொண்டு செய்ய வேண்டும், யாருக்கு என்ன மரியாதை எல்லாம் அந்த ஏட்டில் பாட்டாக இருந்தது. அதைத் தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஊருக்கு ஆகாது. ஆனால் ஏடு பழையது, பூச்சி அரித்த இடங்கள் பல. ஓட்டை வந்தால் படிப்பவர் என்ன செய்வார்? சந்தம் தட்டாமல் தன் வாய்க்கு வந்ததைப் போட்டுக் கடந்துவிடுவார். ஏடு படிப்பது குடி உரிமை அல்ல, குரல் உள்ளவனுக்குப் போவது. மாமாவின் தகப்பனும் அப்படித்தான் செய்தார், அவருக்கு முந்தியவரும் அப்படித்தான். படிப்பவர்களுக்குள் இது ஒரு இரகசியம்கூட அல்ல. வெளியார் யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சனம் பாட்டை விட்டுவிட்டுப் பொங்கல் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த நிம்மதியைக் கெடுக்க ஒரு சபை புறப்பட்டது.

நான் அப்போது பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியன். அங்கே நீதிமன்றத்தில் வழக்குப் பேசும் பிரக்கிராசியார் ஒருவர் இருந்தார். வழக்குகளில் சலித்துப்போய்த் தமிழுக்குத் தொண்டு செய்யத் தீர்மானித்திருந்தார். ஊர்ஊராக உள்ள கோயிற்பாட்டுகளைத் திரட்டி, பொருள் எழுதி, அச்சிட வேண்டும் என்பது அவர் எண்ணம். ஓய்வுபெற்ற பண்டிதர் ஒருவர் சேர்ந்தார். அவருக்குத் தெரியாத சொல் தமிழில் இல்லை, இருந்தால் அது தமிழ் இல்லை. மூன்றாமவர் காத்தான்குடிப் புடவை வியாபாரி. பழைய காணி உறுதிகளையும் அறபுத் தமிழ்க் கிரந்தங்களையும் சேர்த்து வைத்திருந்தவர், படிக்கத் தெரிந்தவர், மற்ற இருவரையும்விடக் குறைவாகப் பேசியவர். சனிக்கிழமைகளில் பிரக்கிராசியார் வீட்டு விறாந்தையில் கூடுவார்கள். என் கையெழுத்து நன்றாக இருந்தபடியால் எழுதுவதற்கு என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

எங்கள் ஊர்ப் பாட்டின் முறை வந்தபோது ஒரு சிக்கல். ஏடு கோயிலை விட்டு வெளியே வராது. சடங்கு நாள் தவிர அதன் கட்டை அவிழ்க்கவும் கூடாது. சபையார் வாவியைக் கடந்து வரலாம்தான். ஆனால் பிரக்கிராசியாருக்கு வள்ளம் ஒத்துக்கொள்ளாது, பண்டிதருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. ஆகவே ஏட்டுக்குப் பதிலாக மாமாவையே வள்ளத்தில் ஏற்றி அழைப்பது என்று முடிவாயிற்று. மாமாவுக்குப் பாட்டு முழுவதும் மனப்பாடம். அவர் பாடுவார், நான் எழுதுவேன், மூவரும் பொருள் காண்பார்கள். இதில் என்ன பிழை வரக்கூடும் என்று பிரக்கிராசியார் கேட்டார். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மாமாவுக்கு நாற்காலி போட்டார்கள், தேத்தண்ணீர் கொடுத்தார்கள். அவர் ஒரு அடி பாட, பண்டிதர் கண்ணை மூடிக்கொண்டு "ஆகா" என்பார். மாமா அடுத்த அடியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாடுவார். இப்படியே சனிக்கிழமைகள் இனிமையாகப் போய்க்கொண்டிருந்தன, அந்த இரண்டு வரி வரும்வரை.

பால்குடம் ஏந்திப் பரவை கடந்த
கோலமார் குடியார் கொள்ளுக திறப்பே.

பண்டிதர் கண்ணைத் திறந்தார். மறுபடியும் பாடச் சொன்னார். மாமா பாடினார். அன்று அதற்கு மேல் ஒரு வரியும் நகரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் நகரவில்லை.

பரவை என்றால் கடல், ஆகவே இந்தக் குடியார் கடல் கடந்து வந்த அரசகுலத்தார் என்றார் பண்டிதர். பால்குடம் அவர்கள் கொண்டுவந்த கொடியின் அடையாளம். பிரக்கிராசியாருக்குக் கடலில் அக்கறை இல்லை. 'கொள்ளுக திறப்பே' என்பதில்தான் அவர் கண் இருந்தது. அது பாட்டே அல்ல, உரிமைச் சாசனம், எந்த நீதிமன்றத்திலும் செல்லும் என்றார். காத்தான்குடியார் தாடியைத் தடவியபடி, பால் கொண்டு கடலைக் கடந்தால் கரைக்கு வருவதற்குள் திரிந்துவிடும் அல்லவா, பரவை இந்த வாவியாக இருக்கலாமே, அக்கரையிலிருந்து பாலும் தயிரும் விற்க வந்தவர்களாக இருக்கலாமே என்றார். வியாபாரிக்கு எல்லாம் வியாபாரமாகத்தான் தெரியும் என்று பண்டிதர் சொன்னார். பண்டிதருக்கு எல்லாம் அரசகுலமாகத் தெரிந்ததை யாரும் சொல்லவில்லை.

கடைசியில் மூவரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள். சடங்கில் பால்குடம் எடுக்கும் குடி எதுவோ அதற்குத்தான் திறப்பு உரியது. அதை நான்தான் அழகான கையெழுத்தில் எழுதினேன். எங்கள் ஊரில் பால்குடம் எடுப்பது என் மாமியின், அதாவது மாமாவின் மனைவியின் குடி. எழுதி முடித்து மை உலர்வதற்கு ஊதும்போதுதான் எனக்கு உறைத்தது. நிமிர்ந்து மாமாவைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனையோ வருஷம் அந்த வரியை அவர் கோயிலில் பாடியிருந்தார். அப்போது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பொருள் தெரிந்த பிறகுதான் ஊர் இரண்டு பட்டது. செய்தி வள்ளத்தைவிட வேகமாக வாவியைக் கடந்தது. அந்த மாதமே பழைய வண்ணக்கர் கண்ணை மூடினார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வந்தவர்கள் கை கழுவும் முன்னே மாமியின் குடியார் எழுந்து, திறப்பு தங்களுக்கு உரியது, பட்டினத்துப் படித்தவர்களே ஏட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள் என்றார்கள். யாரை வண்ணக்கராக வைப்பது என்பதிலும் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. மாமியின் மகன், என் மச்சான். தாய்வழியில் அவன் அந்தக் குடிதானே.

இப்போது ஊர்க் கண்ணுக்கு விஷயம் எப்படித் தெரிந்தது பாருங்கள். மாமா பட்டினத்துக்குப் போய் ஒரு பாட்டுப் பாடினார், மருமகனுக்கு வரவேண்டிய திறப்பு மகனுக்குப் போனது. ஊர் வாயை எதனால் மூடுவது?

அம்மா மாமாவின் வீட்டுக்குப் போனாள். துணைக்கு என்னையும் கூட்டிப் போனாள். மாமி அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

"அண்ணன், அந்த வரி ஏட்டில கிடக்குதா?" என்று அம்மா கேட்டாள்.

மாமா அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "அதில ஓட்டதான் கிடக்கு" என்றார்.

"அப்ப பால்குடம் எங்கால வந்த?"

சொன்னார். மாமியைக் கலியாணம் முடித்த புதிதில் ஒரு வருஷம் மழை இல்லை. மழை வேண்டிச் சடங்கு வைத்து ஏடு முழுவதும் படித்தார்கள். படித்து முடிவதற்குள் மழை வந்துவிட்டது, அதுவும் வயல் வட்டை முழுக்க வெள்ளமாகும் மழை. மாமாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்போது அவருடைய மாமியார் ஒரு செம்புப் பாலைச் சூடாக்கி, தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் வட்டையைக் கடந்து கோயிலுக்கு வந்தாள். புது மருமகனுக்கு அது பெரிய மரியாதை. பாலைக் குடித்துவிட்டு மறுபடி ஏட்டைப் பிடித்தார், ஓட்டை வந்தது, நன்றி பொங்கி வந்தது. அதுதான் அந்த இரண்டு வரி. அதற்கு முன் அந்த இடத்தில் வேறு ஏதேதோ பாடியிருந்தார். இது நன்றாக அமைந்துவிட்டதால் இதையே வைத்துக்கொண்டார்.

அரசகுலமும் கடலும் கொடியும் சாசனமும் ஒரு செம்புப் பாலுக்குள் அடங்கிப்போனதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"மாமியார் தந்த ஒரு செம்புப் பாலுக்கு என்ட புள்ளைக்கு வாற திறப்பக் குடுத்திட்டீங்க" என்றாள் அம்மா. "நான் உங்களுக்குப் பால் தரல்லயா? சின்னனில என்ட பங்கையும் குடிச்சவர்தானே நீங்க."

"நான் கண்டனா புள்ள, இதுக்குப் பொருள் எழுதுவாங்க எண்டு?"

"போய்ச் சொல்லுங்க, நீங்க கட்டின பாட்டெண்டு. சொல்லிப்போட்டு மறுகா என்னோட கதைங்க."

மாமாவுக்கு அது இலேசான காரியம் அல்ல. ஒரு வரி தன்னுடையது என்றால் மற்ற வரிகள் யாருடையவை என்று கேட்பார்கள். அவர் வாழ்நாள் முழுவதும் படித்தது அம்மன் பாட்டா, அவர் பாட்டா என்று கேட்பார்கள். இருந்தாலும் தங்கைக்காகப் போனார். அடுத்த சனிக்கிழமை நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். "ஐயாமார், அந்த ரெண்டு வரியும் ஏட்டில இல்ல. நான் கட்டினது."

பிரக்கிராசியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சாட்சிக் கூட்டில் நிற்பவரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நீங்க இண்டைக்கு இதைச் சொல்றதால யாருக்கு நன்மை?"

"என்ட தங்கச்சிட மகனுக்கு."

"அந்த மகன் இஞ்ச இருக்கிறாரா?"

மாமா என்னைக் காட்டினார். நான் பேனாவை வைத்திருந்த கையை மேசைக்குக் கீழே இறக்கினேன். பிரக்கிராசியார் பண்டிதரைப் பார்த்துத் தலையசைத்தார். வழக்கு முடிந்துவிட்டது என்பது அதன் பொருள்.

பண்டிதர் இரக்கத்தோடு பேசினார். "உங்களக் குறை சொல்லல்ல. ஆனா இந்த நடை இப்ப உள்ள ஆக்களுக்கு வராது. எனக்கே வராது. நானூறு வருசத்துக்குப் பிந்திய பாட்டா இது இருக்க ஏலாது." பிறகு அந்த இரண்டு வரியில் உள்ள அழகுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லத் தொடங்கினார்.

காத்தான்குடியார் மட்டும் குறுக்கிட்டார். "அந்த மனிசன் தான் கட்டினதெண்டு செல்றார். தன்ட பேருக்கு மோசம் வரும் எண்டு தெரிஞ்சும் செல்றார். நம்பினா என்ன?"

"அப்படியானால் இன்னும் ரெண்டு வரி இஞ்ச வச்சுக் கட்டட்டும்" என்றார் பண்டிதர்.

மாமா வாயைத் திறந்தார். மழையில்லை, வெள்ளமில்லை, முன்னால் ஏடு இல்லை, பால் இல்லை. தேத்தண்ணீர்தான் இருந்தது. அதுவும் ஆறிவிட்டது. ஒன்றும் வரவில்லை. மூன்று பேர் தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்க யாருக்குத்தான் பாட்டு வரும்? பண்டிதர் வருத்தத்தோடு கையை விரித்தார்.

திரும்பும்போது வள்ளத்தில் மாமா வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். நடு வாவியில் மெதுவாகச் சொன்னார். "மருமகன், நானூறு வருசம் எண்டுதானே பண்டிதர் சொன்ன? ஒரு வேளை அப்பாட வாயால கேட்டிருப்பனோ என்னவோ." அவர் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் வள்ளத்திலிருந்து குதித்து நீந்திப் போகலாம் என்றிருந்தது. தன் பாட்டைத் தன்னிடமிருந்தே பறித்துக்கொண்டவர்களுக்கு இந்த மனிதன் நன்றி சொல்லிக்கொண்டு வருகிறார். எனக்கு நீந்தவும் வராது. அக்கரை வரை அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன்.

ஊர்ப் பெரியவர்கள் ஏட்டையே பார்த்துவிடலாம் என்றார்கள். அதற்காக அம்மனிடம் பூக்கேட்டு, கட்டை அவிழ்க்க உத்தரவு வாங்கினார்கள். சபையாரும் ஒருவழியாக வாவியைக் கடந்தார்கள். பிரக்கிராசியார் வழி முழுவதும் தேசிக்காயை முகர்ந்துகொண்டு வந்தார், பண்டிதர் இரண்டு குடை பிடித்துக்கொண்டு வந்தார். அந்த ஓலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்கள். வரி இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஒரு ஓட்டை. அதன் வழியாகக் கோயில் முன்றலில் கட்டியிருந்த மாடு தெரிந்தது.

இனி என்ன சொல்லப்போகிறார்கள் என்று பார்த்தேன்.

பண்டிதர் ஓட்டையின் நீளத்தை விரலால் அளந்தார். "பாருங்க, அந்த ரெண்டு வரியும் மட்டுமட்டாகப் பொருந்துது" என்றார். மாமா ஓட்டைக்கு அளவாகத்தானே பாடியிருந்தார், பொருந்தாமல் எப்படி இருக்கும்? பிரக்கிராசியார் தீர்ப்பைச் சொன்னார். மாமா பாட்டை மனப்பாடம் பண்ணிய காலத்தில் அந்த இடம் முழுதாக இருந்திருக்கிறது. பூச்சி பிறகு வந்தது. நல்ல காலம், மாமாவின் ஞாபகம் இல்லாவிட்டால் சாசனம் அழிந்தே போயிருக்கும். பெரியவர்கள் மாமாவை மரியாதையோடு பார்த்தார்கள். காத்தான்குடியார் அந்த ஓட்டைக்குள்ளால் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஓலையைப் பக்குவமாக வைத்தார்.

திறப்பு மச்சானுக்குப் போனது. அவன் நல்லவன். என்னைக் காணும்போதெல்லாம் திறப்பு சத்தம் போடாமல் இருக்க மடிக்குள் செருகிக்கொள்வான். புத்தகம் அச்சாகி வந்தது. அந்த இரண்டு வரிக்கு மட்டும் பண்டிதர் எழுதிய உரை பல பக்கம் போயிற்று. பள்ளிக்கூடத்தில் அதைப் பிள்ளைகளுக்கு நான் விளங்கப்படுத்த வேண்டியும் வந்தது. அம்மா மாமாவோடு பேசவில்லை. வழியில் கண்டால் வேலியைப் பார்த்துக்கொண்டு போனாள்.

அடுத்த வருஷச் சடங்கு வந்தது. கோயிற்பாட்டைப் படித்துவிட்டுப் போவதுதான் அதுவரை வழக்கம், வரிக்கு வரி பொருள் விரித்துப் பயன் சொல்வதில்லை. இப்போது புத்தகம் வந்துவிட்டதே. ஆகவே மாமா படிக்க, பண்டிதர் பயன் சொல்வது என்று ஏற்பாடு. சனம் முதன்முறையாகப் பொங்கல் பானையை விட்டுவிட்டுப் பாட்டைக் கேட்டது. பயன் சொல்பவர் ஏட்டைப் பார்க்கக் கூடாது என்பது முறை. பண்டிதர் கண்ணை மூடிக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருந்தார். பெண்கள் பக்கத்தில், பால் பொங்கும் பானையோடு அம்மா இருந்தாள்.

மாமா நன்றாகத்தான் படித்துக்கொண்டு வந்தார். அந்த ஓலை வந்தது. முந்திய அடியைப் பாடினார். மூச்சை இழுத்தார். பிறகு ஒன்றும் பாடவில்லை.

ஏட்டில் இருந்ததை அவர் படித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். உடுக்குக்காரர் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினார். ஊருக்கு ஆகாதே என்று யாரோ முணுமுணுத்தார்கள். மாமா ஓலையையே பார்த்துக்கொண்டு வாயை மூடி இருந்தார். அந்தக் குரலை நம்பி வாழ்ந்த மனிதன் ஊர் முழுக்கப் பார்க்க அப்படி இருந்ததைக் கண்டபோது, வள்ளத்தில் வந்த கோபம் எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது.

இடைவெளி விழுந்ததைப் பண்டிதர் தன் முறை என்று எடுத்துக்கொண்டார். கண்ணைத் திறக்காமலே, "அதாவது, பால்குடத்தை ஏந்திக் கடலைக் கடந்து வந்த குடியினரே திறப்பைப் பெறுவதற்கு உரியவர்" என்று கணீரென்று பயன் சொன்னார். சனம் தலையாட்டியது. யாருக்கும் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்தது. பானையில் பொங்கிய பாலை ஒரு செம்பில் ஊற்றிக்கொண்டு எழுந்தாள். பெண்கள் பக்கத்தைக் கடந்து, முன்வரிசையைக் கடந்து, ஏட்டுக்கு முன்னால் போய் நின்றாள். செம்பை மாமாவிடம் நீட்டினாள்.

"தொண்டைய நனைங்க, அண்ணன்" என்றாள். "பாட்டில சேத்திராதங்க."